கொம்பனித்தெருவின் கூரையும் ஒரு பனல் மின்சாரமும்

கொழும்பில் வெளியாகும் சூரிய மின்சார விளம்பரங்களில் வரும் வீடு எப்போதும் ஒரே வீடுதான்: ஓடு வேய்ந்த சாய்கூரை, முன்னால் புல்தரை, வாசலில் ஒரு கார், கூரைமேல் பன்னிரண்டோ பதினான்கோ கருநீலத் தகடுகள், அவற்றுக்குக் கீழே ‘மாதாந்த மின்பட்டியல் பூச்சியம்’ என்ற வாக்குறுதி. அத்தகைய வீடு பத்தரமுல்லையில் இருக்கலாம், மாலபேயில் நிச்சயமாக இருக்கிறது. கொழும்பு 2 என்று முகவரி எழுதப்படும் கொம்பனித்தெருவில் அதைத் தேடுபவர் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டியிருக்கும். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளுக்கும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளுக்கும் இது ஏறத்தாழ அப்படியே பொருந்தும். நகரத்துத் தமிழர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர் என எல்லோரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இப்பகுதிகளில் வீட்டுச் சூரிய மின்சாரத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் விடை தருவதில்லை. விடை தருவதால் அவற்றுக்கு இலாபமும் இல்லை.

ஜாவா ஒழுங்கை, மலே வீதி, யூனியன் பிளேசின் பின்புறம், வொக்ஸ்ஹோல் வீதியின் உட்பக்கம் ஆகிய இடங்களில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் பலவும் இரண்டு மூன்று பேர்ச் நிலத்தில் எழுந்தவை. (ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடியும் சொச்சமும்.) கீழே ஓர் அறை, மேலே பலகைத் தட்டு போட்டு ஏற்றிய இன்னோர் அறை, அதன் மேல் தகரமோ அஸ்பெஸ்ரஸ் சீற்றோ, அதன் மேல் தண்ணீர்த் தாங்கி, தொலைக்காட்சிக் கிண்ணம், காயப்போட்ட உடுப்பு: கூரை என்று சொல்லத்தக்க இடம் ஏற்கெனவே குடியேறப்பட்டுவிட்டது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் மீள்குடியேற்றத் திட்டங்களால் தொடர்மாடிகளுக்குப் போனவர்களுக்கோ அந்தக் கூரையும் இல்லை. அவர்களுக்குச் சொந்தமான வானம் பல்கனிக் கம்பிக்கு வெளியே தெரிவது மட்டுமே. இவற்றுக்கு நடுவே பேரை வாவியின் ஓரத்தில் 240 மீற்றர் உயரத்துக்கு ஓல்டெயர் கோபுரங்கள் நிற்கின்றன. ஒன்று நிமிர்ந்தும் மற்றது அதன்மேல் சாய்ந்தும் நிற்பதால் அவற்றின் நிழலுக்குங்கூட ஓர் அலாதியான வடிவம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையின் தலைமையகம் அமைந்திருப்பது இதே கொழும்பு 2இல், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில்தான். (அந்த மாவத்தைக்குப் பெயர் தந்தவர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய தமிழ்ப் பெருவணிகர், ரீகல் திரையரங்கும் அங்கேதான் இருக்கிறது.) நாடு முழுவதும் எந்தக் கூரையிலிருந்து எத்தனை ரூபாவுக்கு மின்சாரம் வாங்குவது என்ற கணக்குகள் ஆண்டாண்டாகப் புரண்ட கட்டடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அக்கணக்குகள் எதிலும் அடங்காத கூரைகள் கிடக்கின்றன.

அக்கணக்குகளின் வரலாறு சுருக்கமானதுதான், ஆனால் தொடங்க நினைப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். 2010 அளவில் ‘நெற் மீற்றரிங்’ என்னும் முறை நடைமுறைக்கு வந்தது: பகலில் கூரை உற்பத்தி செய்து மிஞ்சும் அலகுகள் மின்கம்பிக்குப் போகும், இரவில் அதே எண்ணிக்கையான அலகுகள் திரும்பப் பெறப்படும், இரு திசையிலும் எண்ணக்கூடிய மின்மானி வித்தியாசத்தைக் கழித்துக் காட்டும், பணம் கைமாறாது. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் அரசு தொடங்கிய திட்டம் இதனுடன் ‘நெற் எக்கவுண்டிங்’, ‘நெற் பிளஸ்’ என இரண்டு முறைகளைச் சேர்த்தது; முன்னதில் மிஞ்சும் அலகுக்குப் பணம் கிடைக்கும், பின்னதில் உற்பத்தி முழுவதும் விற்கப்பட்டு வீட்டுப் பாவனை தனியாக வாங்கப்படும். அலகொன்றுக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபா, அதன் பின் 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபா என்பது அன்றைய ஒப்பந்தம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் புதிய ஒப்பந்தங்களுக்கான விலை 37 ரூபா வரை ஏறியது. 2024இல் 27 ரூபா அளவுக்கு இறங்கியது. 2025இல் 5 கிலோவாற்று வரையான கூரைகளுக்கு 20.90 ரூபா என்று மேலும் இறங்கியது, பெரிய கூரைகளுக்கு அதனினும் குறைவு. ஏற்கெனவே ஒப்பமிட்டவர்களின் விலை அவர்களது ஒப்பந்தக் காலம் முழுவதும் மாறாது என்பதால், அடுத்தடுத்த இரண்டு கூரைகளில் ஒரே வெயிலுக்கு இரண்டு விலைகள் நிலவுவதை இன்று நகரத்தில் காணலாம். 5 கிலோவாற்றுக் கூரை மாதமொன்றுக்கு ஏறத்தாழ 550 முதல் 600 அலகு வரை தரும் என்று வைத்துக்கொண்டு 37ஆலும் 20.90ஆலும் பெருக்கிப் பார்ப்பவருக்கு, நண்பர் ஒருவர் 2023இல் எடுத்த கடனைப் பார்த்துத் தாமும் அதே கடனை இன்று எடுப்பது ஏன் கூடாது என்பது விளங்கும்.

கொம்பனித்தெருவைப் பொறுத்தவரை இந்த விலைகளுக்கு முன்னாலேயே இன்னொரு வாசற்படி இருக்கிறது. மின்சார சபையுடன் ஒப்பந்தம் செய்பவர் மின்பட்டியலில் பெயருள்ளவராக இருக்க வேண்டும், கூரைக்கு உரித்துள்ளவராக இருக்க வேண்டும், அப்பகுதி நிலைமாற்றியில் (உயர் அழுத்த மின்சாரத்தை வீட்டுக்கேற்ற அழுத்தத்துக்கு இறக்கும் சாதனம்) இடம் இருக்க வேண்டும். பாட்டனாரின் பெயரில் வரும் மின்பட்டியல், வாய்ச்சொல்லில் பிரித்த பாகம், வாடகைக்கு விட்ட மேல்தட்டு என்று வாழும் குடும்பங்களுக்கு முதல் இரண்டு நிபந்தனைகளே போதும், விண்ணப்பம் மேசையைத் தாண்டாமல் நின்றுவிட.

மின்கம்பியுடன் இணைந்த கூரை பற்றி விற்பனையாளர்கள் மெல்லிய குரலில் சொல்லும், அல்லது சொல்லாமலே விடும் ஒரு செய்தி உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே தொடக்கம் என்று வலுசக்தி அமைச்சர் கூறினார். விடுமுறை நாளில் பாவனை குறைவாகவும் சூரிய உற்பத்தி மிகுதியாகவும் இருந்ததால் வலையமைப்பு அந்த அதிர்வைத் தாங்க முடியாமற் போனது என்ற விளக்கமும் பின்னர் வந்தது. (நாட்டுக்கே பட்டப்பகலில் இருட்டைக் கொடுத்த அந்தக் குரங்கு பல நாட்களுக்கு உலகச் செய்தியாக இருந்தது.) தலைக்கு மேல் வெயில் கொளுத்திய அந்த நேரத்தில், கூரை நிறையப் பனல் வைத்திருந்த வீடுகளிலும் மின்விசிறி நின்றது. காரணம் பழுதன்று, சட்டம். பனலிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கேற்ற ஆடலோட்டமாக மாற்றும் இன்வேர்ட்டர், வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. நிற்காவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய பணியாளருக்கு அது எமனாகிவிடும். ஆகவே பற்றரி இல்லாத கூரைத் தொகுதி மின்பட்டியலைக் குறைக்கும், மின்வெட்டைத் தீர்க்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்த நகரத்தில் பலர் பனல் வாங்க ஓடியது இரண்டாவது பயனுக்காக. அவர்களிற் பலர் பெற்றுக்கொண்டது முதலாவதை.

2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி, 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பிற்பகல் 3 மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும், அலுவலகங்கள் மூடியிருக்கும், வெயில் மட்டும் விடுமுறை எடுக்காது. அதே ஆண்டிலேயே பற்றரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில், அதாவது 6.30 முதல் 10.30 வரை, மின்கம்பிக்கு அனுப்பும் அலகுக்கு 45.80 ரூபா என்ற விலை அறிவிக்கப்பட்டதையும் இதனோடு சேர்த்துப் படித்தால் நிலைமை தெளிவாகிறது: நண்பகல் மின்சாரம் மலிந்துவிட்டது, இரவு மின்சாரத்துக்குத்தான் மதிப்பு. கொம்பனித்தெரு வீட்டின் வாழ்க்கையோ இரவுக்குரியது. பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போனவர்கள் திரும்பி வந்து, நெருக்கமான அறையில் காற்றில்லாமல் இரவு முழுவதும் மின்விசிறி சுழல விடும் வீடு அது. நோன்பு மாதத்தில் விடியற்காலை 3 மணிக்கே அடுப்பங்கரையில் விளக்கு எரியும்.

எனவே இப்பகுதியில் தொடங்க நினைப்பவருக்குப் பொருந்தும் மாதிரி, புறநகரின் 5 கிலோவாற்றுக் கூரை அன்று. அதற்கு ஒரு தலைமுறை முந்திய கிராமத்துச் சூரிய விளக்கு. மின்கம்பி எட்டாத ஊவா, வடமத்திய மாகாணக் கிராமங்களில் 1990களின் பிற்பகுதியிலிருந்து உலக வங்கியின் கடனுதவியுடனும் சர்வோதயத்தின் ‘சீட்ஸ்’ கடன் நிறுவனத்தின் வழியாகவும் பரவிய ‘வீட்டுச் சூரியத் தொகுதி’ என்பது 40 அல்லது 50 வாற்றுப் பனல் ஒன்று, 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி ஒன்று, நான்கைந்து விளக்குகள், ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, அவ்வளவுதான். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பின்னர் மின்கம்பி வந்ததும் பெரும்பாலானவை பரணுக்குப் போயின. மின்சார சபையிடம் அனுமதி கேட்காமல், மின்கம்பியோடு தொடர்பே இல்லாமல், வீட்டின் ஒரு பகுதியை மட்டும் சூரியனிடம் ஒப்படைக்கும் அந்தப் பழைய முறையே, பனல் விலை பல மடங்கு வீழ்ந்தும் பற்றரி பல மடங்கு மேம்பட்டும் இருக்கும் இன்றைய நிலையில், நகரத்தின் நடுமையத்துக்கு ஏற்றதாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் கடையில் அன்று, தாளில் நிகழ வேண்டும். ஒரு வீட்டில் 9 வாற்று எல்ஈடி விளக்குகள் மூன்று, மாலையில் 5 மணிநேரம் எரிகின்றன: 135 வாற்று மணி. (ஒரு வாற்றுச் சாதனம் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு வாற்று மணி, அப்படி ஆயிரம் சேர்ந்தால் மின்பட்டியலின் ஓர் அலகு.) மின்விசிறிகள் இரண்டு, 8 மணிநேரம். இணைய ரவுட்டர் 10 வாற்று, நாள் முழுவதும்: 240. கைபேசிகள் நான்கு, எல்லாம் சேர்த்து 60. இதில் மின்விசிறியின் எண் வேண்டுமென்றே எழுதப்படவில்லை, ஏனெனில் அங்கேதான் முழுக் கணக்கும் புரள்கிறது. பழைய கூரை மின்விசிறி 70 வாற்று இழுக்கும். இரண்டும் 8 மணிநேரம் ஓடினால் 1,120 வாற்று மணி. தூரிகையில்லா மோட்டார் பொருத்திய புதிய வகை 30 வாற்றோடு நின்றுகொள்ளும், 480. ஒரேயொரு மாற்றத்தால் நாளொன்றுக்கு 640 வாற்று மணி மிஞ்சுகிறது, அதைச் சேமிக்கப் பற்றரியே வேண்டாம். ஆகவே சூரிய மின்சாரத்துக்கென ஒதுக்கிய பணத்தின் முதற்பகுதி மின்விசிறிக் கடைக்குப் போக வேண்டும் என்பது வினோதமாகத் தோன்றினாலும் சரியான புத்திமதி.

புதிய மின்விசிறிகளோடு மொத்தம் 915 வாற்று மணி, ஓர் அலகுக்குச் சற்றுக் குறைவு. கம்பியிலும் பற்றரியிலும் இன்வேர்ட்டரிலும் கால்பங்கு வீணாகும் என்று வைத்தால் பனல் நாளொன்றுக்கு 1,220 அளவில் தர வேண்டும். கொழும்பின் வெயிலை முழு வலுவான வெயிலாகச் சுருக்கிக் கணித்தால் சராசரியாக நான்கரை மணிநேரம் தேறும். அந்தக் கணக்குப்படி 270 வாற்றுப் பனல் போதும். ஆனால் மே மாதத் தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழையும் சராசரியைக் கேட்டு நடப்பவை அல்ல. அவற்றுக்காக இருமடங்காக்கினால், இன்று சந்தையில் இயல்பாகக் கிடைக்கும் 550 வாற்றுப் பனல் ஒன்றே சரியாக வந்து நிற்கிறது. ஏறத்தாழ 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம், 28 கிலோ எடை: ஒற்றைக் கட்டிலின் அளவை விடச் சற்றுப் பெரிது. சமையலைப் பற்றி இங்கு பேச்சில்லை. ரைஸ் குக்கரும் மின்கேத்தலும் அயன் பெட்டியும் மின்சார சபையின் பொறுப்பிலேயே இருக்கட்டும். அவற்றை இந்தத் தொகுதியில் கொழுவ நினைப்பவர் செலவை மூன்று மடங்காக்கிக்கொள்ளத் துணிந்தவர்.

நாளுக்கு ஓர் அலகு, மாதத்துக்கு 30 அலகு என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையில் அமைந்தது. அதிலும் 60ஆவது அலகில் ஒரு பெரிய படி இருக்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடு தனி வகை, அதற்கென்று குறைந்த விலைகள் உண்டு. 61ஆவது அலகைத் தொட்ட வீட்டுக்கு முதல் 60 அலகுமே வேறு விலையில், கூடிய நிலைக்கட்டணத்தோடு எண்ணப்படும். அதன் மேல் 90, 120, 180 என்று மற்றப் படிகள். மாதம் 80 அலகு பாவிக்கும் சிறு குடும்பம் 30ஐச் சூரியனிடம் தள்ளி 50க்கு இறங்கினால், அது சேமித்தது 30 அலகின் விலையை மட்டுமன்று, எஞ்சிய 50 அலகின் விலையும் இறங்கிவிடுகிறது. 250 அலகு பாவித்துக் குளிரூட்டி ஓட்டும் வீடு அதே 30ஐக் குறைத்தால் உச்சப் படியில் கொஞ்சம் கிள்ளியதோடு சரி. கட்டண விகிதங்கள் 2022 ஓகஸ்டிலிருந்து ஏறியும் இறங்கியும் பலமுறை மாறிவிட்டன என்றாலும் இந்தப் படியின் வடிவம் நிலைத்திருக்கிறது. விற்பனையாளர்கள் பெரிய வீடுகளையே தேடிப் போவதால் இக்கணக்கைச் சிறிய வீட்டுக்கு யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

பொருட்களை வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு நடந்தே போகலாம், அல்லது முச்சக்கரவண்டியில் பத்து நிமிடம். அங்கே முதற்பொறி காத்திருப்பது சார்ஜ் கொன்ட்ரோலரில், அதாவது பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று பற்றரி அளவுக்கு மேல் ஏறாமலும் பனலின் மின்சாரம் வீணாகாமலும் பார்த்துக்கொள்ளும் சிறு பெட்டியில். மலிவான ‘பிடபிள்யூஎம்’ வகை, பனலைப் பற்றரியின் அழுத்தத்துக்கே இழுத்து இறக்கிவிடும். 550 வாற்றுப் பனல் தன் முழுத் திறனைத் தருவது 42 வோல்ற்று, 13 அம்பியர் அளவில். அதை இந்த வகைப் பெட்டி வழியே 12 வோல்ற்றுப் பற்றரியில் கொழுவினால் 13 அம்பியர் அப்படியே இருக்கும், அழுத்தம் மட்டும் 13 வோல்ற்றாகச் சுருங்கும். பெருக்கினால் 170 வாற்று. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றோடு போயிற்று, பெட்டியின் பச்சை விளக்கோ அழகாக மின்னிக்கொண்டிருக்கும். ‘எம்பிபிடி’ எனப்படும் மற்ற வகை, கூடிய அழுத்தத்தைக் கூடிய மின்னோட்டமாக மாற்றிக் கொடுக்கும். விலை அதிகம், ஆனால் பெரிய பனலுக்கு வேறு வழி இல்லை. பெட்டியின் மேல் எம்பிபிடி என்று அச்சிட்டு உள்ளே மற்றதை வைத்து விற்பதும் உண்டு என்பதால், கையடக்கப் பெட்டியை நம்ப முடியாத மலிவுக்குத் தருகிறார்கள் என்றால் தூக்கிப் பார்க்க வேண்டும். உண்மையான எம்பிபிடிக்குள் செப்புச் சுருளும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியமும் இருக்கும், அவற்றுக்குக் கனம் உண்டு.

12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்பது அடுத்த கேள்வி. 500 வாற்றை 12 வோல்ற்றில் அனுப்ப 42 அம்பியர் ஓட வேண்டும், 24இல் 21 போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் அளவு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் பாதி மின்னோட்டத்துக்கு இழப்பு கால்பங்காகிறது. கிராமத்து 50 வாற்றுப் பனலுக்கு 12 வோல்ற்று பொருந்தியது, இதற்கு 24தான் பொருந்தும். பற்றரி லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையாக இருப்பது நல்லது: 25.6 வோல்ற்று, 50 அம்பியர் மணி, இரண்டையும் பெருக்கினால் 1,280 வாற்று மணி, அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் எடுக்கலாம். பஞ்சிகாவத்தையில் கைமாறும் பழைய வாகனப் பற்றரியை வைத்துத் தொடங்கும் ஆசை பலருக்கும் வரும். வாகனப் பற்றரி, இயந்திரத்தைக் கிளப்பச் சில வினாடிகள் பெருமின்னோட்டம் தருவதற்கென்று மெல்லிய ஈயத்தகடுகளால் ஆனது. ஒவ்வோர் இரவும் ஆழமாக வடிய விட்டால் சில மாதங்களில் தகடு உதிர்ந்து செத்துப்போகும். இன்னொரு களவு இன்வேர்ட்டருக்குள் நடக்கிறது: எதையும் ஓட்டாமல் வெறுமனே விழித்திருப்பதற்கே 15 வாற்று உறிஞ்சும் இன்வேர்ட்டர் ஒரு நாளில் 360 வாற்று மணியை விழுங்கிவிடும், இது ரவுட்டரின் பங்கை விட அதிகம். விளக்குகளையும் ரவுட்டரையும் பற்றரியிலிருந்து நேரே, உரிய அழுத்த மாற்றியோடு ஓட்டி, மின்விசிறிக்கு மட்டும் இரவில் இன்வேர்ட்டரை எழுப்பும் வீடு இந்த இழப்பைப் பாதியாக்கிக்கொள்ளும்.

நேர்மின்னோட்டத்தில் கைவைப்பவர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். சுவரில் வரும் ஆடலோட்டம் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால், ஆளியை அணைக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். நேர்மின்னோட்டம் பூச்சியத்தைத் தொடுவதே இல்லை, பொறி நீண்டு நின்று பிளாஸ்டிக்கை உருக்கும். வீட்டு மின்மானிப் பெட்டியில் இருக்கும் சாதாரண பிரேக்கரைப் பனல் கம்பியில் பொருத்துவது இதனால் ஆபத்தானது. நேர்மின்னோட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட பிரேக்கரும், பற்றரியின் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூசும் கட்டாயம். பலகைத் தட்டும் எரிவாயு சிலிண்டரும் ஒரே அறையில் இருக்கும் வீடுகளில் இதைச் சிக்கனத்தின் பெயரால் விட்டுவிட முடியாது. வீட்டின் சுவர்ச் செருகிகளுக்குள் இந்த இன்வேர்ட்டரின் மின்சாரத்தைத் திருப்பி ஊட்டும் ‘கைவேலை’ அதனினும் மோசம். கம்பத்தில் ஏறும் பணியாளர் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

இனிக் கூரை. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றில் துளையிட்டால் நுரையீரலுக்குள் போய்த் தங்கும் நார்த்தூசி கிளம்பும். காலால் மிதித்தால் சீற்றே உடைந்து ஆளை உள்ளே இறக்கிவிடும். ஆகவே சீற்றைத் தொடாமல், சுவரிலிருந்தோ தாங்கி நிற்கும் கொங்கிறீற்றுத் தூணிலிருந்தோ இரும்புச் சட்டம் எழுப்பி அதன் மேல் பனலை வைப்பதே முறை, கீழே ஒரு சாண் காற்றோட்டத்தோடு. 25 பாகை செல்சியசில் சோதித்துத்தான் பனலுக்கு 550 என்று முத்திரை குத்துகிறார்கள்; ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் 0.35 சதவீதம் அளவில் குறையும். தகரத்தோடு ஒட்டிக்கிடந்து 65 பாகைக்குக் காயும் பனல் 14 சதவீதத்தை இழக்கும். கொழும்பு புவிமத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருப்பதால் சாய்வு பெரிதாக வேண்டியதில்லை, மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு வடிய 10 பாகை போதும். காலிமுகத்திடலைக் கடந்து வரும் உப்புக்காற்று சாதாரண ஆணியையும் போல்ற்றையும் இரண்டு பருவமழைக்குள் தின்றுவிடும், துருப்பிடியாத உருக்கு வேண்டும். காகத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கொழும்புக் காகம் உயரமான, வழுவழுப்பான, தனிமையான இடத்தைக் கண்டால் அதைத் தன் சாப்பாட்டு மேசையாக்கிக்கொள்ளும். அது விட்டுச்செல்லும் எச்சத்தின் ஓர் உள்ளங்கையளவு போதும், பனலின் மூன்றிலொரு பகுதி முடங்க. பனலுக்குள் மின்கலங்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருப்பதும், ஒன்று மூடப்பட்டால் அந்த வரிசையின் மின்னோட்டமே தடைப்படுவதும், அத்தகைய வரிசைகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டு மாற்றுப்பாதை இருவாயிகள் வைக்கப்பட்டிருப்பதுமே இதற்குக் காரணம்.

கோபுர நிழலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். காலை 9 மணியளவில் சூரியன் ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் நிற்கும்போது 240 மீற்றர்க் கோபுரத்தின் நிழல் 240 மீற்றர் நீளும். அதற்கு முந்திய மணிநேரத்தில் இன்னும் நீளும். நிழல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆண்டோடும் நகர்கிறது: ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் கொழும்பின் உச்சந்தலைக்கு நேரே வரும், டிசம்பரில் 30 பாகை தெற்கே சாயும், ஜூனில் வடக்கே போய்விடும். மார்ச் மாதத்து ஒரு மதியத்தில் வந்து பார்த்துவிட்டு ‘நல்ல வெயில்’ என்று சான்றிதழ் தருபவரை நம்பாமல், வீட்டுக்காரரே காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வைப்பது செலவில்லாத ஆய்வு.

தொடர்மாடியில் இருப்பவருக்கு இணையத்தில் முதலில் கண்ணிற்படுவது ஜெர்மனியின் பல்கனி மின்நிலையம். அங்கே 800 வாற்று வரையான சிறு இன்வேர்ட்டரைச் சுவர்ச் செருகியிலேயே மாட்டிக்கொள்ள 2024 மே மாதச் சட்டத் திருத்தம் வழி விட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. இலங்கையில் மின்கம்பியோடு இணைக்கும் எதற்கும் ஒப்பந்தம் வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, வானமே ஒத்துழைப்பதில்லை. பேர்லினில் மார்ச் மாத நண்பகற் சூரியன் தாழ நிற்பதால் பல்கனிக் கம்பியில் நிமிர்த்திக் கட்டிய பனலுக்கு நேர்வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு கிட்டும். கொம்பனித்தெருவில் ஏப்ரல் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்க, நிமிர்ந்த பனலை வெயில் உரசிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கியது டிசம்பரில் பாதியளவு பெறும், ஜூனில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கிழக்கோ மேற்கோ பார்த்த பல்கனியில் காலையோ மாலையோ சில மணிநேரம் தேறும், கைபேசிக்கும் ரவுட்டருக்கும் அது போதும். கூடிய வெயிலுக்காகப் பனலை வெளிப்புறம் சாய்த்து நீட்டினால் 28 கிலோ கண்ணாடி பத்தாம் மாடியிலிருந்து ஒழுங்கைக்கு மேலே தொங்கும். பருவக்காற்று வீசும் கரையோர நகரத்தில் அதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

எஞ்சுவது பொதுக்கூரை. 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்க மாடிமனை உரித்துச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடங்களில் கூரை எந்தத் தனி வீட்டுக்கும் உரியதன்று, எல்லோருக்கும் உரிய பொதுக் கூறு. அதை ஆள்வது வீட்டு உரிமையாளர்கள் அங்கம் வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். ஒரு கூரையின் உற்பத்தியைப் பல வீடுகளின் மின்பட்டியல்களில் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்கு டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே விதிகள் வகுத்தது. வெள்ளவத்தையின் பத்து மாடிக் கட்டடங்களுக்கும் கொம்பனித்தெருவின் மீள்குடியேற்றத் தொடர்மாடிகளுக்கும் அத்தகைய ஏற்பாடே மிக அவசியமானது, ஆனால் மேலே சொன்ன மூன்று முறைகளும் ஒரு கூரை, ஒரு மின்மானி, ஒரு பெயர் என்ற எண்ணத்தில் பிறந்தவை. இந்தியாவின் 170 இலட்சம் டொலர் நன்கொடையில் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குத் தலா 5 கிலோவாற்று வைக்கும் திட்டம் காட்டுவதுபோல, பொதுவான கூரையும் பொறுப்பேற்க ஒரு சபையும் இருக்கும் இடங்களுக்கு இணைப்பு எளிதாகிறது. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இருக்கும் அந்த வசதி தொடர்மாடிக்கும் காகிதத்தில் இருக்கிறது, கூட்டத்துக்கு ஆள் சேர்வதுதான் பாடு.

கூட்டம் கூடினால் முதலில் எடுக்க வேண்டிய பொருள் தனித்தனி வீடுகளின் மின்பட்டியல் அன்று, பொது மின்மானியின் பட்டியல். மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஆகிய மூன்றும் அந்த ஒரே மின்மானியில், ஒரே பெயரில் ஓடுவதால் ஒப்பந்தச் சிக்கல் இல்லை; மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்குவதும் அதுவே. மூன்றில் தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் குணம் இருக்கிறது. கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்கு விடியற்காலை 5 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நீரேற்றும் வழக்கத்தை முற்பகல் 11க்கும் பிற்பகல் 1க்கும் நகர்த்தினால், பகற்சூரியன் ஏற்றிவைத்த நீர் இரவில் குழாயில் தானே இறங்கும். அந்த வேலைக்கு ஒரு பற்றரிகூட வாங்க வேண்டியதில்லை. தாங்கியின் கொள்ளளவு ஒரு முழு நாளைக்குப் போதுமா என்று அளந்து பார்ப்பதும், காவலாளியின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மோட்டார் நேர அட்டவணையை மாற்றி எழுதுவதும், பனல் ஒன்றும் வாங்குவதற்கு முன்பே செய்துவிடக்கூடிய காரியங்கள்.